செப்புத்தகட்டில் அக்கா முகம்

கூடத்தில் சவப்பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போதே, படம் செதுக்குகிற யோஸ் செப்புத்தகட்டையும் அதில் அச்செடுத்த தாளையும் மேசைமேல் வைத்தார். அக்கா வால்புர்காவின் கல்யாணப் படம். இழவுக்கு வந்தவர்களுக்குக் கொடுப்பதற்காக, அவள் கையிலிருந்த ரோஜாவை மட்டும் வாட வைத்திருந்தார்.

தங்கை கோதலீவ தாளைப் பார்த்தாள். கற்புக்கு முத்துமாலை. பிள்ளை வரத்துக்கு ஆரஞ்சுப் பழம். வரம் என்னவோ பலிக்கவில்லை. தம்பதியின் மாறாத அன்புக்குக் காலடியில் ஒரு நாய்க்குட்டி. அது அண்ணாந்து அக்கா முகத்தையே பார்த்தது. இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் கோதலீவவுக்கு வயிறு எரியும். அக்கா பிணமாகக் கிடக்கிற இன்றைக்கும் எரிந்தது. வெட்கமாகத்தான் இருந்தது, அதற்காக அணைந்துவிடவில்லை.

அப்பா தொண்டையைச் செருமினார்.

"யோஸ், தாளெல்லாம் அடிச்சு முடிச்சதும் இந்த முகத்தைச் சுரண்டிட்டு இவ முகத்தைப் போட்டுடு. அக்கா புருஷனைக் கட்டிக்க ரோம்லேர்ந்து போப்பாண்டவர் அனுமதி வந்ததும் மாப்பிள்ளைக்கு இவளத்தான் குடுக்கறோம். நல்ல செம்பு, வீணாப் போவானேன்?"

"எல்லா வீட்லயும் செய்யறதுதான் பிரபு. உடுப்பு, முத்து, நாய் எல்லாம் அப்படியே இருக்கட்டும். ரோஜாவைத் திரும்ப மலர வெச்சுடறேன்."

ஜன்னலோரம் நின்ற அத்தான் ஏங்கல்பெர்ட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அத்தனையும் இனி கோதலீவவுக்கு. யோஸ் அவள் முகத்தையும் தகட்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"சின்னம்மாவுக்குக் கழுத்து கொஞ்சம் குட்டை. முகம் கீழ இறங்கித்தான் வரும்."

"அப்போ நாய் எங்க பார்க்கும்?"

யோஸ் தயங்கினார். "உங்க தலைக்கு மேல."

"அதோட கண்ணைத் திருப்பிடுங்க."

"திருப்பிடலாம், அதொண்ணும் பெரிய வேலை இல்ல..."

"நாயைத் தொடாதே," என்றார் அத்தான். காலையிலிருந்து அவர் வாய் திறந்தது அப்போதுதான்.

அப்பா, எதுவுமே காதில் விழாதவர் போல, "பெட்டி கிளம்பறதுக்குள்ள இவ முகத்தை வரைஞ்சுக்கோ யோஸ்," என்றார்.

கோதலீவ நாற்காலியில் உட்கார்ந்தாள். யோஸ் கரிக்கோலை எடுத்தார்.

"கழுத்தை எக்காதீங்க சின்னம்மா. சாதாரணமா வெச்சுக்குங்க."

அவள் இறக்கவில்லை. பெட்டி வாசலைத் தாண்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.