லிப்னிட்சா ஆறு அகன்ற விதம்

போஸ்னியாவில் எங்கள் ஊரின் நடுவே ஓடும் லிப்னிட்சா ஆறு, ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் அகலமாகிறது. போரின்போது அது அகலவில்லை. அப்போது இக்கரையில் கொதிக்கும் காபியின் மணம் அக்கரை வரை போகும். சமாதானம் கையெழுத்தான பிறகே அகலத் தொடங்கியது. ஊர்மன்றத்தில் இக்கரைக் கட்சி, அக்கரைக் கட்சி இரண்டும் கைதூக்கினால்தான் எதுவும் நிறைவேறும். மறுபடி சண்டை வராமலிருக்க யோசித்துச் செய்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் கைதூக்காமலே ஒரு கட்சி பிழைத்துக்கொள்ளலாம். எதிர்க்கரையைக் காட்டிப் பயமுறுத்தினால் ஓட்டு விழும். ஓட்டு விழுந்தால் கரை நகரும். குண்டில் உடைந்த பாலத்தை இரு கட்சிகளும் தத்தம் பக்கமிருந்து கட்டின. கட்டக் கட்ட நடுவில் இடைவெளி வளர்ந்தது.

இக்கரையில் லியூபித்சா, கிறிஸ்தவப் பெண். அக்கரையில் ஃபஹீரா, முஸ்லிம். முன்பு தினமும் சேர்ந்து காபி குடித்தவர்கள், பாலம் போனபின் அவரவர் கரையில் கோப்பையோடு உட்கார்ந்து உரக்கப் பேசினார்கள். ஆறு அகன்றபோது முதலில் புறணி நின்றது. அதைக் கத்திப் பேச முடியாது. இனி பேச்சே நின்றுவிடும் என்ற நிலையில், பல் மருத்துவர் தாரியோ இரு கரையாரையும் சேர்த்து மூன்றாவது கட்சி தொடங்கினார்.

“அடியே ஃபஹீரா, இந்தத் தடவை பல் டாக்டருக்கே போடுவோம். மாறிட மாட்டியே?” என்று லியூபித்சா கத்தினாள்.

“நீ மொதல்ல மாறாம இரு. பிளம் ஜாம் தர்றேன்னு சொல்லி எத்தனை வருஷமாச்சு?”

“ஆறு சுருங்கட்டும், நானே எடுத்துட்டு வரேன்.”

தேர்தலன்று வாக்குச்சாவடித் திரைக்குள் லியூபித்சா பென்சிலோடு வெகுநேரம் நின்றாள். ஃபஹீரா சொன்னபடி செய்வாள். அவள் தெருக்காரர்கள்? அவர்கள் செய்யாவிட்டால் ஊரே அக்கரைக் கட்சியின் கைக்குப் போய்விடும். இந்த ஒருமுறை மட்டும் என்று தன் கட்சிக்கே போட்டாள். அக்கரைச் சாவடியில் ஃபஹீராவும் அதையே யோசித்து, அதையே செய்தாள். மருத்துவருக்கு ஓர் ஓட்டுகூட விழவில்லை. “எனக்கும் பயமாத்தாங்க இருந்துச்சு” என்றார் அவர்.

மறுநாள் காலை அக்கரை தெரியவில்லை. தண்ணீர் உப்புக் கரித்தது. லியூபித்சா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கடற்காகங்கள்தான் எழுந்து பறந்தன.

இப்போது சந்தையில் மத்தி மீன் கிலோ நான்கு மார்க். கடலைக் கொண்டுவந்தது நாங்களே என்று இக்கரைக் கட்சி சுவரொட்டி ஒட்டியிருக்கிறது, அக்கரையிலும் ஒட்டியிருப்பார்கள். ஜாம் பாட்டில் லியூபித்சாவின் அலமாரியில் இருக்கிறது. அடுத்த தேர்தலுக்கும் அவள் போனாள். கடலுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரியாததால், இம்முறை பென்சிலோடு அதிக நேரம் நிற்கவில்லை.