பகையாளிக்குக் கொடுத்த இரவல் ஊசி

பாறைமேல் படுத்து, மூன்று தலைமுறைப் பகையாளி ஸ்பின்குல்லை நஸ்மீர் குறிபார்த்துச் சுட்டான். "டிக்" என்றதோடு சரி. வெள்ளைக்காரப் பட்டாளம் கழித்துப் போட்ட கிழட்டுத் துப்பாக்கி. தோட்டாவைத் தட்டும் ஊசி முனை முறிந்திருந்தது.

மறுநாள் காலையில் நஸ்மீர் துப்பாக்கியோடு ஸ்பின்குல் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"உன்னுதும் இதே துப்பாக்கிதானே? ஊசியைக் கொஞ்சம் இரவல் குடு."

"எதுக்குடா?"

"உன்னைச் சுடத்தான். வேற எதுக்கு?"

ஸ்பின்குல்லுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாசல் தேடி வந்து கேட்டவனுக்கு இல்லையென்று சொன்னால் பட்டாணியர் நடுவே தலைகாட்ட முடியுமா? பச்சைத் தேநீர் கொடுத்து, தன் ஊசியைக் கழற்றி, நஸ்மீர் துப்பாக்கியில் தானே மாட்டியும் விட்டான்.

"ஸ்பிரிங்கும் தொளதொளன்னு இருக்கு, மாத்து. மறுபடியும் அசிங்கப்படாதே."

"உன் வீட்டு டீயைக் குடிச்சிட்டேன். இன்னைக்குச் சுட மாட்டேன், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று நஸ்மீர் கிளம்பினான்.

அன்று மாலையே ஸ்பின்குல் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு நஸ்மீர் வீட்டுக்குப் போனான். விருந்தாளிமேல் எவனும் கைவைக்க முடியாது.

"விருந்துக்கு வந்திருக்கேன். ஆட்டை அறு."

நஸ்மீர் பல்லைக் கடித்தான். "எத்தனை நாளைக்கு?"

"நீ என்னைச் சுட்டு முடிச்சு, ஊசியைத் திருப்பித் தர்ற வரைக்கும்."