கவர்னர் பங்களாவின் பின்வாசல்

நுவரெலியாவில் பழைய கவர்னர் பங்களாவைக் காத்துவந்த நல்லமுத்து, யாரையும் முகத்தைப் பார்த்து நம்புகிறவர் அல்லர். மடியைப் பார்த்துத்தான் நம்புவார். ஹட்டன் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையில் துணி உதறிக் காட்டி முற்றிய கண் அது. வாய் ஓயாமல் விலை பேசுகிறவனைக்கூட விட்டுவிடலாம், பேசாமல் நிற்பவனின் கையைக் கவனி என்பது அங்கே அவர் படித்த படிப்பு.

வெள்ளைக்காரக் கவர்னர்கள் கப்பலேறிய பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பங்களாவைச் சுற்றிப் பார்க்கலாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். கவர்னர் படுத்த கட்டில், சாய்ந்த நாற்காலி, முகம் கழுவிய பீங்கான் எல்லாவற்றையும் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். நல்லமுத்து பிள்ளைகளின் கைகளைப் பார்ப்பார்.

அப்படிப் பார்த்தும் போன கிழமை ஏமாந்தார். கொழும்பிலிருந்து சப்பாத்து டக்டக்கென்று வந்த பெரிய இடத்துப் பையன்கள் போன பிறகு, சாப்பாட்டு மேசையிலிருந்த வெள்ளி மணியைக் காணவில்லை. வேலைக்காரனைக் கூப்பிடக் கவர்னர் ஆட்டிய மணி. சனிக்கிழமை சாமான்களைச் சரிபார்க்க மேலதிகாரி விஜேரத்ன மாத்தயா வருவார். மணி இல்லையென்றால் நல்லமுத்துவுக்கு வேலையும் இல்லை, பின்னாலிருக்கும் வீடும் இல்லை. பையன்கள்மேல் கை காட்டலாமென்றால், அவர்களின் அப்பன்மார் பெயரைக் கேட்டதும் மாத்தயாவே எழுந்து நின்றுவிடுவார்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்துக் கணேசமூர்த்தி மாஸ்டர், தன் பிள்ளைகளைக் கூட்டிவர அனுமதி கேட்டு வெகு நாளாக நடந்துகொண்டிருந்தார். மழை, பெயின்ட், கறையான் மருந்து என்று சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்த நல்லமுத்து, இப்போது தானாகவே ஆளனுப்பி, சனிக்கிழமை வரச் சொன்னார். தோட்டக் கூலிகளின் லயத்துப் பிள்ளைகள்மேல் பழி விழுந்தால் எந்த அப்பன் கேட்க வரப் போகிறான்? கழிவுச் சரக்கைத் தலையில் கட்ட ஆள் கிடைத்த நிம்மதியில் அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

சனிக்கிழமை பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு முன்வாசலில் நின்றார். பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஆனால் ஒரு தலையையும் காணோம். கொஞ்ச நேரத்தில் சமையல்கட்டுப் பக்கம் குசுகுசுவென்று பேச்சு. ஓடிப் போய்ப் பார்த்தார். பிள்ளைகள் அத்தனை பேரும் வெறுங்காலோடு, தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க ஆள் நிற்பதுபோல் வரிசை பிடித்து, பின்வாசலில் நின்றார்கள்.

ஏன் இப்படி வந்தீர்கள் என்று கேட்டார். மாஸ்டர் கழுத்தைச் சொறிந்தார். முன்னால் போகலாம் என்று தான் எவ்வளவோ சொன்னதாகவும், தோட்டத்துத் துரையின் பங்களா என்றால் பின்வாசல்தான் என்று பழகிய பிள்ளைகளின் கால்கள் தாமாகவே திரும்பிவிட்டதாகவும் சொன்னார். நல்லமுத்து அதை நம்பவில்லை. நம்பாமலிருப்பது அன்றைக்கு அவருக்கு வசதியாகவும் இருந்தது. பின்கட்டால் நுழைந்தவர்கள் என்று மாத்தயாவிடம் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

உள்ளே நடத்திக்கொண்டு போனார். பிள்ளைகள் கட்டிலைப் பார்த்தார்கள், பீங்கானைப் பார்த்தார்கள், ஆனால் எதிலும் மனம் நிற்கவில்லை. ஒவ்வொரு கதவாக எட்டி எட்டி யாரையோ தேடினார்கள். ஒரு கை மட்டும் எல்லாருக்கும் இடுப்பிலேயே இருந்தது. பாவாடை மடிப்பிலும் கால்சட்டைப் பையிலும் உருண்டையாக ஏதோ புடைத்தது. பொய்யாகப் பழி போட இருந்தவருக்கு மெய்யாகவே சந்தேகம் பிடித்துக்கொண்டது.

வெளியே மாத்தயாவின் ஜீப் வந்து நின்றது. அதற்காகவே காத்திருந்தவர்போல் நல்லமுத்து சாப்பாட்டறைக் கதவை மறித்தார்.

"மடியில இருக்கிறத எடுத்து வெளியில வைங்க. ஒருத்தரும் நகரக் கூடாது."

மாஸ்டருக்கு முகம் கறுத்தது. "கையில ஒண்ணும் கொண்டுவரக் கூடாதுன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன், அண்ணே," என்றார் மெதுவாக.

முன்னால் நின்ற பேச்சியம்மா என்ற சிறுமி மடியை அவிழ்த்தாள். ஓர் எலுமிச்சம்பழம். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தது. அடுத்தவனிடமும் எலுமிச்சம்பழம். அதற்கடுத்தவளிடமும் அதுவே.

"எதுக்கு இது?"

"தொரைக்குங்க. பழம் குடுக்காம பங்களாவுக்குள்ள போகக் கூடாதுன்னு அம்மா சொல்லிச்சு. மாஸ்டர் ஏசுவாருன்னு ஒளிச்சு வச்சிருந்தோம்." அவருடைய பித்தளைப் பொத்தான்களை அண்ணாந்து பார்த்தாள். "நீங்கதானுங்களே கவர்னர் தொரை?"

பதில் வருவதற்குள் பழத்தை அவர் கையில் வைத்துக் கும்பிட்டாள். பிறகு யாரும் தயங்கி நிற்கவில்லை, ஒவ்வொருவராக வந்து பழத்தைக் கொடுத்துக் கும்பிட்டார்கள். கை நிறைந்தது, கோட்டுப் பைகள் நிறைந்தன.

மாத்தயா உள்ளே வந்தார். மேசையைப் பார்த்தார். மணி எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். கேட்கும்போதே அவர் கண் வெறுங்கால்களின்மேல் போய்விட்டது. நல்லமுத்து தலையை ஆட்டினால் போதும்.

ஆட்டத்தான் நினைத்தார். ஆனால் இரண்டு கையிலும் அந்தப் பழங்கள். அச்சாரத்தைக் கை நீட்டி வாங்கிக்கொண்டு, கொடுத்தவனையே திருடன் என்று கூவுகிற வியாபாரியை ஹட்டன் கடைத்தெருவிலும் அவர் பார்த்ததில்லை.

"போன கிழமை கொழும்புப் பிள்ளைகள் வந்துட்டுப் போனப்பவே காணாமப் போச்சு, மாத்தயா. இவங்க வரும்போது மணி இல்ல."

மாத்தயாவின் கண் வெறுங்கால்களை விட்டு நல்லமுத்துவின் கோட்டுக்குத் திரும்பியது. பிறகு, புடைத்துக் கிடந்த கோட்டுப் பைகளைக் காட்டி, இப்படிச் சொல்வதற்கு இவர்கள் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டார். நல்லமுத்துவிடம் அதற்கு விளக்கம் இருந்தது. நம்ப வைக்கும் விளக்கம் இல்லை. திங்கட்கிழமை அரசாங்கக் கந்தோருக்கு வந்து சாவிக்கொத்தை ஒப்படைக்கும்படி சொல்லிவிட்டு மாத்தயா ஜீப்பில் ஏறினார்.

நல்லமுத்து முன்கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்தார். இப்படியே போங்கள் என்றார்.

யாரும் அசையவில்லை. பிள்ளைகள் மாஸ்டரைப் பார்த்தார்கள். மாஸ்டர், இதில் என்ன பொறியோ என்று நல்லமுத்துவைப் பார்த்தார்.

"முன்னால போனா யாராச்சும் ஏசுவாங்களா?" என்றாள் பேச்சியம்மா.

"ஏசுறதுக்கு இங்க நான் ஒருத்தன்தான் இருக்கேன், தாயி. அதுவும் திங்கட்கிழமை வரைக்குந்தான்."

அவள் நம்பினாளோ என்னவோ, ஒரு காலை மட்டும் முன்படியில் வைத்துப் பார்த்தாள்.