மருந்து போட்ட கை

அக்கா, ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துப்போக வருவதாகச் சொல்லி, என் வீட்டுக்காரர் உன்னிடம் என் முகவரி கேட்டதாகச் சொன்னாய். கொடுக்கட்டுமா என்றாய். நேற்றுக் கேட்டிருந்தால் கொடு என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஹோட்டல் சலவைக்கூடத்தில் எனக்கு ஜோடி ‘வக்கீல்’. என்னைப் போல விரிப்பு மடிக்கிறவள்தான். குறுக்குக் கேள்வி கேட்டே ஆளைக் கொல்வதால் அந்தப் பெயர். பெரிய விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்துவந்து முனையோடு முனை சேர்ப்போம். மெஷின் சத்தத்தில் அந்தக் கிட்டத்தில் மட்டும்தான் பேச்சு கேட்கும்.

இன்று காலை அவளிடம், “அவர் நல்லவர்தான். கையில சூடு பட்டப்போ பக்கத்துலயே உக்காந்து மருந்து போட்டாரு” என்றேன்.

விலகிப் போனோம். அடுத்த விரிப்போடு மூக்குக்கு நேரே வந்து நின்றாள்.

“சூடு எப்படிப் பட்டுச்சு?”

“இஸ்திரிப் பெட்டி.”

“அதுவா நடந்து வந்துச்சா?”

என் பக்கத்து முனைகளை அவள் கையில் திணித்தேன்.

“சரி, வேற நல்லது சொல்லு. உன் கட்சிக்காரருக்குக் கேஸ் பலமா இருக்கட்டும்.”

“புதுச் செருப்பு வாங்கித் தந்தாரு.”

“பழசு என்ன ஆச்சு?”

நான் வெளியே போகக் கூடாதென்று அவர் வெட்டிப் போட்டார். “சும்மா இருடீ” என்றேன்.

ஆனால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அடிக்குப் பின்னால் வராத அன்பு ஒன்றாவது உண்டா என்று நாள் முழுக்கத் துருவினேன். கல்யாணத்துக்கு முன்னால் மழையில் குடை பிடித்தது கிடைத்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். மற்றதெல்லாம் ஏதோ ஒரு காயத்தின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அடி நின்றதும் வருமே ஒரு நிம்மதி, அதைத்தான் அவர் என்று நினைத்து ஏங்குகிறேனோ? இங்கே யாரும் திட்டாத நாளில்தான் அவர் ஞாபகம் அதிகம் வருகிறது. எப்போது விழுமோ என்று காத்திருந்து பழகிய உடம்பு, விழாவிட்டால் தவிக்கிறது. எனக்கே விசித்திரமாக இருக்கிறது.

வேலை முடிந்ததும், “இன்னும் ஏக்கம் போகலடீ” என்றேன்.

“யாரு போகச் சொன்னா? அது பாட்டுக்கு இருக்கட்டும். அவரு வரணுமாங்கறதுதான் கேள்வி.”

வேண்டாம் அக்கா. முகவரி கொடுக்காதே. அழுவார், காலில் விழுவார், உனக்கும் மனசு இளகும். இளகினால் எனக்குப் போன் பண்ணு. அவருக்குப் பண்ணாதே.