பிரிக்கப்பட்ட ட்ரேக்கள்

புது மேனேஜர் கத்தவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது.

பழையவர் காலையில் வந்ததும் ஒரு பாட்டம் கத்தித் தீர்ப்பார், அதோடு சரி. அவர் மனதில் என்ன இருக்கிறதென்று யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. இவரோ எதற்கெடுத்தாலும் "நன்றிம்மா" என்றார்.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் அவளுக்குப் பதினாறு வருட வேலை. ஆபரேஷனுக்கு வேண்டிய கத்திரிகளையும் இடுக்கிகளையும் பட்டியல் பார்த்து ட்ரேயில் அடுக்குவாள். துணி சுற்றி, டேப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்துப் போடுவாள். பிறகு அது நீராவி இயந்திரத்துக்குப் போகும். அறையில் எல்லோருக்கும் அவள் அக்கா.

இரண்டாம் வாரம் அவளுடைய மேசையை மட்டும் ஜன்னலோரம் மாற்றச் சொன்னார். நிமிர்ந்தால் நேரே அவருடைய கண்ணாடி அறை.

"ஏன்னு கேட்டியாக்கா?" என்றாள் பக்கத்து மேசைக்காரி. வாயில் எந்தச் செய்தியும் தங்காததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"வெளிச்சம் நல்லாருக்கும்னாரு."

"பதினாறு வருஷமா இல்லாத வெளிச்சமா? ஆளைக் குறைக்கப் போறாங்களாம். கண்ணெதிர்ல உட்காரவெச்சு குத்தம் தேடறாரு."

அக்கா சிரித்து மழுப்பினாள். ஆனால் அன்றிலிருந்து அவர் தலை அசைந்தாலே அவள் கை நின்றது.

ஒருநாள் வேலை முடிந்து வாசல்வரை போனவள், மறந்துவிட்ட பையை எடுக்கத் திரும்பி வந்தாள். மேனேஜர் தனியாக அலமாரி முன் நின்று மறுநாள் நீராவிக்குப் போகவேண்டிய ஒரு ட்ரேயைப் பிரித்துக்கொண்டிருந்தார். டேப்பில் இருந்தது அவள் கையெழுத்து. எதையோ எடுத்தார், எதையோ வைத்தார், மறுபடி சுற்றி, அதே டேப்பை ஒட்டினார். பையை எடுக்காமலே திரும்பினாள்.

"நேரா கேட்டுட வேண்டியதுதானே?" என்றார் கணவர்.

"கேட்டா உஷாராயிடுவாரு. கையும் களவுமா பிடிக்கணும்."

மறுநாள் ஒவ்வொரு டேப்பின் மூலையையும் நகக்கண் அளவு மடித்து ஒட்டினாள். அடுத்த நாள் காலை பார்த்தால், ஒன்பது ட்ரேக்களில் மூன்றில் மூலை நிமிர்ந்திருந்தது. ரேடியோவிடம் மூச்சு விடவில்லை. அன்று மாலை வீட்டுக்குக் கிளம்புவதுபோல் போக்குக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். மேனேஜர் அவளுடைய ட்ரே ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார்.

"என் ட்ரேயில என்ன சார் வைக்கிறீங்க?"

அவர் பதறவில்லை. பட்டியலையும் ட்ரேயையும் அவள் பக்கம் நகர்த்தினார். "நீங்களே பாருங்கம்மா. வளைஞ்ச நுனி இடுக்கி நாலு இருக்கணும்."

எடுத்து வைத்தாள். நாலு இருந்தது. அவர் ஒன்றைத் தனியே எடுத்து, "இதைத் தடவிப் பாருங்க" என்றார்.

விரலால் தடவினாள். நேராக இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் அவள் கண்ணுக்கு நுனி புகைபோலத்தான் தெரிந்தது.

"எத்தனை நாளா சார்?"

"நான் வந்த மூணாம் நாள்லேர்ந்து பாக்கறேன். மேசையை மாத்தினா சரியாயிடும்னு நினைச்சேன். சொன்னா பதிவேட்டுல எழுதணும், எழுதினா மேலிடத்துக்குப் போகும். அதான் நானே மாத்தி வெச்சுட்டிருந்தேன்."

வீட்டில் கணவர், "நல்ல மனுஷனாத்தான் தெரியறாரு" என்றார்.

"நல்ல மனுஷனா இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பாரு. என் குடுமியை இத்தனை நாள் கையில வெச்சிருந்திருக்காரு. நாளைக்கு அவர் எது சொன்னாலும் நான் தலையாட்டணும் இல்ல? அவர் லீவு போட்ட அன்னிக்கு அந்த ட்ரே ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிருந்தா?"

மறுநாள் லீவு போட்டு டாக்டரிடம் கண்ணைக் காட்டினாள். இரண்டு கண்ணிலும் புரை. அதற்கடுத்த நாள் முதல் வேலையாகத் தவறுகள் எழுதும் பதிவேட்டை எடுத்து, தான் அடுக்கிய ட்ரேக்களில் இடுக்கிகள் மாறியிருந்ததை எழுதிக் கையெழுத்திட்டாள். நேரே கண்ணாடி அறைக்குப் போய் அவர் முன் வைத்தாள்.

"இது வேணாமேம்மா."

"வேணும் சார். இது உங்க கையில இருக்கறதைவிட எல்லார் கண்ணுலயும் இருக்கட்டும்."

அவர் அந்தப் பக்கத்தைப் படித்தார். பிறகு பேனாவைத் திறந்து அவள் வரிகளுக்குக் கீழே எழுதினார்: தெரிந்தும் தெரிவிக்காதது என் தவறு. தேதிகளையும் ஒன்றுவிடாமல் போட்டார்.

இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கண் ஆபரேஷன் முடியும்வரை அவளைக் கழுவும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே போன முதல் நாள் அவர் வந்து, "தண்ணி சூடு போதுமாம்மா?" என்று கேட்டார்.

"போதும் சார்," என்றாள். அவர் கதவைத் தாண்டும்வரை அவர் முதுகையே பார்த்திருந்துவிட்டு, குழாயைத் திறந்தாள்.