விமானத்தளத்துக்கு ஒரு மனு

மணமேல்குடி தாலுகா அலுவலகத்துக்கு எதிரே மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். பெயர் ரெங்கசாமி. பதினாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வேலித் தகராறு, எதுவானாலும் என் கை பட்டால் அதிகாரிக்கு மனசு இளகிவிடும் என்று இந்தப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை நானும் நம்பித் தொலைத்தேன். என் மனைவி சுகுணாவின் விமானத்தளம் பறிபோனது அதனால்தான்.

மணமேல்குடியில் ஏது விமானத்தளம் என்று சிரிக்க வேண்டாம். இணையத்துக்குள் ஒரு உலகம் இருக்கிறது. ஆளுக்கொரு பொம்மை உருவம் எடுத்துக்கொண்டு அதற்குள் நடக்கலாம், பேசலாம், ஒரு இடம் பிடித்து எதை வேண்டுமானாலும் கட்டலாம். சுகுணா அங்கே ஆறு வருஷம் பாடுபட்டு ஒரு விமானத்தளம் கட்டினாள். ஓடுபாதை, காற்றடிக்கிற திசைக்குத் திரும்பும் துணிப்பை, மூன்று விமானங்கள், பாராசூட் மடித்து வைக்க ஒரு கொட்டகை. எட்டு எட்டுப் பேராக ஏற்றிக்கொண்டு பன்னிரண்டாயிரம் அடி ஏறுவாள். கதவு திறக்கும். ஒவ்வொருவராகக் குதிப்பார்கள். பிரேசில்காரன் வருவான், பிலிப்பைன்ஸ்காரி வருவாள், எல்லோரும் வந்து எங்கள் ஊர்க் கடற்கரையில்தான் இறங்குவார்கள். ஏனென்றால் அவள் கீழே வரைந்து வைத்திருந்தது எங்கள் கடலை. அலையே அடிக்கவில்லையே, கோளாறா என்று வருகிறவர்கள் கேட்பார்கள். எங்கள் கடல் அப்படித்தான் என்று பதில் எழுதிப் போடுவாள்.

நாங்கள் இரண்டு பேரும் நிஜ விமானத்தில் ஏறியதில்லை. ஒரு தடவை திருச்சியில் அவள் அத்தை மகள் கல்யாணத்துக்குப் போன இடத்தில், முகூர்த்தம் முடிந்த கையோடு என்னை இழுத்துக்கொண்டு போய் விமான நிலையச் சுவரோரம் அரை நாள் நிற்க வைத்தாள். சக்கரம் தரையைத் தொடும்போது புகை எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டுமாம். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த வாரம் அவளுடைய விமானங்கள் இறங்கும்போது சக்கரத்தடியில் புகை வந்தது. அன்றைக்குத்தான் இது விளையாட்டில்லை என்று எனக்கு உறைத்தது.

இந்த வருஷம் சென்னைக் கம்பெனி ஒன்று அவளைத் தேடி வந்தது. பாராசூட் குதிக்கப் பழகுகிறவர்களுக்குக் கண்ணில் கருவி மாட்டி, தரையில் நின்றபடியே குதிக்கப் பயிற்சி கொடுக்கிற கம்பெனி. அங்கே வேலை பார்க்கும் ஒருவர் எங்கள் தளத்தில் குதித்துப் பார்த்துவிட்டு மேலதிகாரியிடம் சொல்லியிருக்கிறார். சுகுணா பாலிடெக்னிக் இரண்டாம் வருஷத்தில் என்னைக் கட்டிக்கொண்டு படிப்பை விட்டவள். கையில் ஒரு சான்றிதழ் கிடையாது. பரவாயில்லை, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நாங்கள் எல்லோரும் உங்கள் தளத்துக்குள் வருகிறோம், எப்படிக் கட்டினீர்கள் என்று காட்டுங்கள், அதுதான் நேர்காணல் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வாரம் அவள் நடந்த நடையே வேறு.

செவ்வாய்க்கிழமை காலை கடையில் உட்கார்ந்திருந்தேன். சுகுணா போனில் கூப்பிட்டு உடனே வரச் சொன்னாள். குரல் சரியில்லை. மனு எழுத வந்திருந்த ராக்காயியை அப்படியே உட்கார வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அந்த உலகத்தை நடத்துகிறவர்களிடமிருந்து அறிவிப்பு வந்திருந்தது. மனிதர்கள் உயரத்திலிருந்து விழுந்து சாவதை உங்கள் இடம் காட்டுகிறது, உயிரை மாய்த்துக்கொள்ளத் தூண்டுகிறது, வியாழன் மதியம் நீக்கப்படும். ஆட்சேபம் இருந்தால் உரிமையாளர் ஒரே ஒரு முறை மேல்முறையீடு செய்யலாம்.

விஷயம் இதுதான். பாராசூட்டை நேரத்துக்குத் திறக்காதவர்கள் மணலில் தொப்பென்று விழுவார்கள். விழுந்து, தூசி தட்டி எழுந்து, மறுபடி வரிசையில் போய் நிற்பார்கள். அதற்கும் முன்னால் நாலாயிரம் அடியில் காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு எச்சரிக்கை மணி வைத்திருந்தாள். விழுகிறதை மட்டும் பார்த்த ஏதோ ஒரு இயந்திரம் எழுந்திருக்கிறதைப் பார்க்கவில்லை. யானையைத் தடவிப் பார்த்த குருடன் கதைதான்.

சுகுணா அழவில்லை. அதற்குள் பதிலும் எழுதி வைத்திருந்தாள். மொத்தம் நாலு வரி. யாரும் சாகவில்லை. விழுந்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். எச்சரிக்கை மணி இருக்கிறது. ஒரு மனிதர் வந்து ஒரு முறை குதித்துப் பார்க்கட்டும். அவ்வளவுதான்.

ஆனால் அதை அவள் அனுப்ப முடியாது. கணக்கு என் பேரில் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அடையாள அட்டை கேட்டபோது அவளுடைய ஆதாரில் இன்னும் அப்பா வீட்டு விலாசம், விராலிமலை. மாற்ற அலைய வேண்டும் என்று என் அட்டையைக் கொடுத்தோம். ரேஷன் கார்டு, கேஸ், கரண்டு எல்லாம் என் பேரில்தானே இருக்கிறது, இதுவும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான்தான் சொன்னேன். ஆகவே மேல்முறையீடும் என் போனுக்கு வருகிற எண்ணைப் போட்டு, என் பேரில்தான் போக வேண்டும்.

நாலு வரியைப் படித்தேன். எனக்குப் பிடிக்கவில்லை.

"என்னடி இது, அதட்டுற மாதிரி இருக்கு. மேல இருக்கவனுக்கு இப்புடியா எழுதுவாக?"

"உள்ளதத்தானே எழுதியிருக்கேன். அப்படியே அனுப்புங்க."

"ஒனக்குத் தெரியாது. இங்கிட்டு வா, நான் பாத்துக்கிறேன்."

பதினாறு வருஷத்தில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. ஒரு மனுவில் அதிகாரி நிஜமாகப் படிப்பது கடைசி வரியைத்தான். அது குனிந்து நிற்க வேண்டும். தன் சொந்தப் பட்டாவைத் திருத்தச் சொல்லிக் கேட்பவன்கூட, 'எங்கள் பக்கம் ஏதேனும் தவறு இருப்பின் பெரிய மனது வைத்து மன்னித்தருள வேண்டுகிறேன்' என்றுதான் முடிக்க வேண்டும். அதற்குத் தப்பு செய்தேன் என்று அர்த்தமில்லை. கும்பிடு போடுவது மாதிரி அது ஒரு மரியாதை. இங்கே கிராம உதவியாளர் முதல் கலெக்டர் வரை அது எல்லோருக்கும் தெரியும்.

அவளுடைய நாலு வரியையும் நடுவில் வைத்து, முன்னால் ஒரு வணக்கம் சேர்த்து, என் கடைசி வரியை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மாற்றிப் போட்டேன். அனுப்புவதற்கு முன் அவளிடம் காட்டினேனா என்று கேட்டால், இல்லை. காட்டியிருந்தால் அழித்திருப்பாள். அது எனக்கு அப்போதே தெரியும்.

பதினோரு நிமிஷத்தில் பதில் வந்தது. நம் தாலுகா அலுவலகமாக இருந்தால் பதினோரு மாசம் ஆகியிருக்கும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே திறந்தேன்.

தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டதற்கு நன்றி. விதிமீறலை உரிமையாளரே ஏற்றுக்கொண்டதால் முடிவு உறுதி செய்யப்படுகிறது. இனி மேல்முறையீடு இல்லை.

சுகுணா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு நான் அனுப்பியதை எடுத்துக் கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"நாம என்ன தப்பு செஞ்சோம்னு மன்னிப்புக் கேட்டீங்க?"

அது வழக்கம் என்று சொன்னேன். சொல்லும்போதே என் காதுக்கே அது அசிங்கமாகக் கேட்டது.

அன்றைக்கும் மறுநாளும் நான் பட்ட பாடு நாய் படாத பாடு. இந்தத் தாலுகாவில் எந்தக் காகிதம் எந்த மேஜையில் தூங்குகிறது, யாரைப் பார்த்தால் எழுந்திருக்கும் என்பது எனக்கு அத்துப்படி. ஆனால் அங்கே மேஜையும் இல்லை, ஆளும் இல்லை. மேல்முறையீட்டுக் கட்டம் சாம்பல் நிறமாகி, அழுத்தினாலும் திறக்கவில்லை. போன் நம்பர் கிடையாது. உதவி என்று இருந்த இடத்தில் எழுதினால், எழுதி முடிக்குமுன் இயந்திரம் ஒன்று அதே பதிலை அனுப்பியது. திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்ப்பு நாளுக்குப் போகலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அவ்வளவு புத்தி கெட்டுப்போயிருந்தது.

கட்டியதை அப்படியே வெளியே எடுத்து வைத்துக்கொள்ள முடியாதா என்று கேட்டேன். முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினாள். அங்கே கட்டியது அங்கேயேதான் ஓடும்.

வியாழக்கிழமை காலையிலும் வழக்கம்போலத் தளத்தைத் திறந்தாள். வரிசையில் நின்றவர்களை எட்டு எட்டாக ஏற்றினாள். யாரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்கு விமானம் ஒன்பதாயிரம் அடியில் இருக்கும்போது திரை வெள்ளையாகிவிட்டது. ஏறியவர்கள் குதிக்கிற வரைக்குமாவது விட்டிருக்கலாம். அவள் போய் உலையில் அரிசியைப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் சென்னையிலிருந்து அழைத்தார்கள். மதுமிதா என்கிற அதிகாரி பேசினார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். நான் திரையில் தெரியாதபடி மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். தளத்துக்குப் போனால் ஒரு அறிவிப்பு நிற்கிறதே என்று அவர் அதை வாசித்தார். பாதுகாப்பு விதிமீறல். உரிமையாளர் ரெங்கசாமி ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டதால் நீக்கப்பட்டது.

"ரெங்கசாமி யாருங்க?"

"எங்க வீட்டுக்காரர் மேடம். கணக்கு மட்டுந்தான் அவர் பேர்ல. கட்டுனது, ஓட்டுனது எல்லாம் நான்."

"அப்ப மன்னிப்புக் கடிதம்? அது அவர் எழுதினதா?"

நான் சொல்லிவிடுவது என்று எழப் போனேன். வாயைத் திறப்பதற்குள் சுகுணாவின் கை மேஜைக்கடியில் என் கையைப் பிடித்து அழுத்தியது. நகம் பதிகிற அழுத்தம்.

"இல்லைங்க மேடம். அதுவும் நான் எழுதினதுதான்."

மதுமிதா அந்த அறிவிப்பை இன்னொரு முறை வாசித்தார். பிறகு, எங்கள் வேலையே பாதுகாப்புதான், தப்பு இருந்ததென்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கும்போது மேலே என்னால் எடுத்துச் சொல்ல முடியாது, வருத்தப்படாதீர்கள் என்று சொன்னார். சுகுணா சரிங்க மேடம் என்றாள். திரை அணைந்தது.

எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்றே தெரியவில்லை. நான் எழுதியதை நீ எழுதியதாக ஏன் சொன்னாய், என்னைச் சொல்லியிருந்தால் வேலையாவது மிஞ்சியிருக்குமே என்று கத்தினேன்.

அவள் என் கையை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரை மூடினாள்.

"எழுதினது நீங்கன்னு சொன்னா, கட்டுனதும் நீங்கன்னுதான் நெனைப்பாக. தப்பாச்சும் எம் பேர்ல இருக்கட்டும்."