மூக்குக்குப் பழகிய வாசனை

பேக்கரிக்காரர் ஒற்றைக்காலில் நின்றுதான் இந்தப் பயணத்தைச் சாதித்தார். "வெளிய லாட்ஜ்ல தங்கி, பகல்ல எட்டிப் பாத்துட்டு வர்றதுக்குப் பேரு காடு பாக்கறதா? உள்ளயே கூடாரம் போடணும்" என்று வருடம் முழுக்க ஓதியதில் மனைவி கடைசியில் தலையாட்டினாள். அவருக்கு விடுமுறை என்பதே குதிரைக்கொம்பு. அடுப்பு ஒருநாள் அணைந்தால் ஊரே பட்டினி கிடக்கும் என்று நினைப்பு. இந்தமுறையும் கடைசி நிமிடம்வரை வேலை பார்த்துவிட்டு, பேக்கரிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வண்டியில் ஏறினார்.

தேசியப் பூங்காவின் வாசலில் வனக்காவலர் படித்துப் படித்துச் சொன்னார். கரடி நடமாட்டம் இருக்கிறது, மணக்கிற எதுவும் கூடாரத்துக்குள் கூடாது, எல்லாம் இரும்புப் பெட்டிக்குள். அவளும் ரொட்டி, ஜாம், சோப்பு, பற்பசை, மகளின் மிட்டாய் வரை பெட்டியில் போட்டுப் பூட்டினாள். பயணக் களைப்பில் மகள் கூடாரத்துக்குள் சுருண்டுவிட, குளிருமே என்று அப்பாவின் கோட்டைப் போர்த்திவிட்டு வந்தாள். வெளியே மரமேசையில் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்படி அவரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

பொழுது சாயும் நேரம் வனக்காவலர் சுற்றி வந்தார். மேசையருகே வந்ததும் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"கேக்கை எங்க வச்சிருக்கீங்க?"

"கேக்கா? எல்லாம் பெட்டிக்குள்ள பூட்டிட்டேங்க" என்றாள்.

"பெட்டி அந்தக் கோடியில இருக்கு. வாசனை இவர்கிட்ட இருந்துல்ல வருது."

பேக்கரிக்காரர் சட்டைக் கையை மோந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவளும் மோந்தாள். ஒன்றும் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து வெண்ணெயும் சர்க்கரையுமாகவே வீடு திரும்புகிற மனிதர். அவள் மூக்கு எப்போதோ மரத்துவிட்டது. கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தவளுக்குக் கோட்டின் ஞாபகம் வந்தது.

"என்னங்க, உங்க கோட்டு..."

மூவரும் திரும்பினார்கள். காற்றே இல்லை. கூடாரம் மட்டும் இந்தப் பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. அதன் பின்னால் ஏதோ கனமாக மூச்சுவிட்டது.

"ஓடாதீங்க. சத்தம் போடாதீங்க" என்றார் வனக்காவலர், உதடு மட்டும் அசைய. பாதி எழுந்துவிட்ட கணவரின் மணிக்கட்டை அவள் இறுகப் பற்றினாள்.

உள்ளே மகள் தூக்கக் கலக்கத்தில் சிரித்தாள்.

"தள்ளாதீங்கப்பா. கூசுது."

அவள் பிடியை விடவில்லை. கூடாரம் மறுபடி, மெல்ல, இந்தப் பக்கமாகச் சாய்ந்தது.